கல்யாண வீடியோவை ஒதுங்கி நிற்கச் சொன்ன காலை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். பதுளையில் நான் வேலை பார்க்கும் கம்யூனிகேஷன் கடைக்கு இன்டர்நெட், போட்டோக்காப்பி என்று வருகிறவர்களுக்கெல்லாம் அது தெரியும். அன்று காலை என் கோபம் முழுக்க ஒரு கல்யாண வீடியோவின் மேல் இருந்தது.

கடையில் கேமரா உள்ள கம்ப்யூட்டர் ஒன்றுதான். கிழட்டு மெஷின். அதற்குத் தாங்கும் என்று லினக்ஸ் போட்டு, யாரும் சொல்லித்தராமல் நானே தட்டுத் தடுமாறிப் பழகிக்கொண்டேன். முந்தின நாள் மாலையிலிருந்து அதில் அந்த வீடியோ தயாராகிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை அன்று மத்தியானம் கத்தாருக்குப் புறப்படுகிறார், கையோடு கொண்டுபோக வேண்டும். இடையில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான்.

அந்த நேரம் பார்த்து தெமோதரைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து நின்றாள். தாதிப் பயிற்சிக்கு அவளுக்குப் பத்து மணிக்கு வீடியோவில் நேர்முகம். அவள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டில் சிக்னல் கிடைக்காது. ஏற்கெனவே ஒரு தடவை லைன் அறுந்து நேர்முகம் கைவிட்டுப் போயிருந்தது. இது இரண்டாவது தவணை, மூன்றாவது கிடையாது.

“வீடியோவ நிப்பாட்டிரவா?” என்று முதலாளியிடம் கேட்டேன்.

“நிப்பாட்டினா மாப்பிள்ள வந்து கடைய ஒடைச்சிருவாரு மகள்.”

நிறுத்தத் தேவையில்லை. ஓடுகிற வேலையை ஓடவிட்டே, யாருக்கு எப்போது முறை என்ற விதியை மட்டும் மாற்றலாம். அது எனக்குத் தெரியும். தெரியும் என்ற திமிரில்தான் கோட்டைவிட்டேன்.

பத்து மணிக்கு இணைப்பு வந்தது. படம் விட்டு விட்டு ஓடியது. “இருங்க தங்கச்சி, ஒரே நிமிசம்” என்று சொல்லி, நேர்முகம் ஓடும் செயலிக்கு நிகழ்நேர முறையைக் கொடுத்தேன். எல்லாருக்கும் முன்னால் நீதான், உனக்குப் போதும் என்கிறவரை யாருக்கும் விடாதே என்று அர்த்தம். அது சொன்னபடியே செய்தது. திரைக்கும் சத்தத்துக்கும்கூட முறை விடவில்லை. மௌஸ் அசையவில்லை. கேள்வி கேட்ட மேடத்தின் வாய் பாதி திறந்தபடியே நின்றது.

முதலாளியைத் திட்டினேன், மாப்பிள்ளையைத் திட்டினேன், அவரைப் பெற்றவர்களையும் விடவில்லை. ப்ளக்கைப் பிடுங்கக் கை போனது. பிடுங்கினால் நேர்முகமும் போச்சு, வீடியோவும் போச்சு. அவளோ கேமராவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“மெதுவாப் பாருங்கக்கா. நான் இருக்கேன்” என்றாள்.

அப்போதுதான் எங்கள் லயத்துப் பொதுக் குழாய் நினைவுக்கு வந்தது. அங்கே குடத்தோடு வருகிறவளை யாரும் முன்னால் தள்ளிவிடுவதில்லை. துணி துவைக்கிறவள் தன் வாளியைச் சற்று நகர்த்திக்கொள்வாள், குடம் வராத நேரத்தில் பிடித்துக்கொள்வாள். வீட்டுக்குப் போ என்று யாரும் அவளை விரட்டியதும் இல்லை. அந்தக் குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவள் நான், எனக்கே மறந்துபோனது.

எவ்வளவு அடம்பிடித்தாலும் நிகழ்நேர வேலை மற்றவர்களுக்கென்று துளி நேரம் விட்டாக வேண்டும். லினக்ஸில் அப்படி ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அந்தத் துளியை நம்பிக் கட்டளையைத் தட்டினேன். ஒவ்வொரு எழுத்தாக, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. நேர்முகத்தைப் பழையபடி சாதாரண முறைக்கே இறக்கினேன். கல்யாண வீடியோவை, மற்ற யாருக்கும் வேலை இல்லாதபோது மட்டும் ஓடும் முறைக்கு மாற்றினேன்.

மேடத்தின் வாய் மூடியது. சத்தமும் வந்தது.

“லைன் போனதும் நாங்கதான் பதறிட்டோம். நீங்க அப்படியே உக்காந்திருக்கீங்களே?”

“இங்க அக்கா சரிசெஞ்சிக்கிட்டு இருந்தாங்க மேடம். நானும் பதறினா அவங்களுக்குக் கை ஓடாதுங்க.”

மேடம் பேனாவை எடுத்து எதையோ எழுதினார். அதன்பிறகு படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பேசி முடித்ததும் வீடியோ விட்ட இடத்திலிருந்து வேகம் பிடித்தது. மாப்பிள்ளை பஸ் ஏறுவதற்குள் அதையும் கொடுத்துவிட்டோம்.

அவளுக்கு இடம் கிடைத்த செய்தி பல நாள் கழித்துத்தான் வந்தது. எனக்கு அன்றைக்கே தெரியும். நேர்முகம் முடிந்து எழுந்தவள் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “அக்கா, நீங்க இவ்வளவு நேரமும் நின்னுக்கிட்டே இருந்தீங்க. உக்காருங்க” என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.