உடைந்தது உடைந்தபடி

அண்ணன் முதன்முதலில் உடைத்தது மேசை விசிறியை. குழம்பில் உப்பு கூடியதற்கு விசிறி என்ன செய்யும், பாவம். அது சுவரில் மோதி இறக்கைகள் சிதறின. அடுத்தது அம்மாவின் மிக்ஸி, அதற்கடுத்தது டி.வி., அதற்கும் அடுத்தது தங்கையின் மணிக்கட்டு. விசிறிக்கு வேறு இறக்கை மாட்டி, மிக்ஸிக்கு மோட்டார் மாற்றி, டி.வி.யைக் கழற்றிப் பூட்டி எல்லாவற்றையும் தங்கையே ஓட வைத்துவிட்டாள். மணிக்கட்டுக்கு மட்டும் ஆஸ்பத்திரி போக வேண்டியிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே எல்லோரும் அவளைத் திருகாணி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருநாள் யாருக்கோ ஊசி குத்தக் குனிந்தபோது அவளுடைய வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து திருகாணிகள் பொலபொலவென்று அந்த ஆளின் மடியில் கொட்டின. ரத்தம் எடுக்கப் போகிறீர்களா, என்னைக் கழற்றிப் பார்க்கப் போகிறீர்களா என்று அவர் கேட்டாராம். அன்றைக்கு ஒட்டிய பெயர் பிறகு போகவே இல்லை.

பழைய கம்ப்யூட்டர்கள்தான் அவளுடைய கிறுக்கு. ஊரெல்லாம் உலகத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிய, இவள் பழைய இரும்புக் கடையில் பேரம் பேசி, தூக்கவே இரண்டு ஆள் வேண்டிய பெட்டிகளை வாங்கி வருவாள். மூடியைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் ஒரே வியாதி. போர்டில் இருக்கும் குட்டி பேட்டரி கசிந்து, சுற்றிலும் ஓடும் செம்புக் கோடுகளைப் பச்சை பிடிக்க அரித்திருக்கும். பேட்டரியை வெட்டி எறிந்துவிட்டு, பழைய பல் பிரஷை வினிகரில் தொட்டுத் தேய்ப்பாள். அறுந்த கோடுகளை முடி கனத்துக் கம்பியால் இணைத்துப் பற்ற வைப்பாள். அதற்குப் பிறகுதான் கொண்டாட்டம். மெமரிப் பட்டை இன்னும் இரண்டு செருகுவாள். கறகறவென்று இரைகிற ஹார்டு டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டு, நகத்தளவு மெமரி கார்டைப் பொருத்துவாள். ஸ்விட்சைப் போட்டால் திரையில் எண்கள் மளமளவென்று ஏற வேண்டும், கடைசியில் ஒரே ஒரு பீப் கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் எல்லாம் நலம். அந்த ஒரு சத்தத்துக்காகச் சோறு தண்ணீர் மறந்து கூடத்து மேசையில் உட்கார்ந்திருப்பாள்.

அண்ணன் லாரி அலுவலகத்தில் மேற்பார்வையாளன். வெளியில் கேட்டால் தங்கமான மனுஷன் என்பார்கள். தெருவில் யார் வண்டி நின்றுபோனாலும் ஓடிப் போய்த் தள்ளிவிடுவான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது அந்தத் தங்கமான மனுஷனையும் சேர்த்து மாட்டிவிடுவான் போலிருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அவன் கை அத்தனை காலம் ஓங்கியே இருந்ததற்கு அவளுடைய கைத்திறமையும் ஒரு காரணம். அவன் நொறுக்கியதையெல்லாம் அவள் ஒட்டி, திருகி, பற்ற வைத்து நிமிர்த்திவிடுவாள். மிச்சத்தை அம்மா பூசி மெழுகிவிடுவாள். வருகிற உறவுக்காரர்கள் கண்ணில் ஒரு கீறல்கூடப் படாது. இப்படி ஒரு கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் வயிறு எரியாமல் என்ன செய்யும்!

அண்ணனுக்கு ஒரு பெண் அமைந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. காலையில் அவன் கூடத்துக்கு வந்தபோது, திருகாணி ஒரு பழைய மானிட்டரின் பின்மூடியைக் கழற்றி வைத்திருந்தாள். அந்த மாதிரி மானிட்டரை நிறுத்தி வயரைப் பிடுங்கினாலும், கண்ணாடிக் குழாய்க்குள் ஆளைத் தூக்கி எறிகிற மின்சாரம் தேங்கி நிற்கும். அதை வடித்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும்.

குப்பையை உடனே எடு என்றான். பத்து நிமிஷம் கொடுங்கள் அண்ணா என்றாள். அவனுக்கு அது போதும். நடுவே வந்த அம்மாவை ஒரு தள்ளுத் தள்ளினான். பீரோ விளிம்பில் தோள் இடிபட்டு அம்மா தரையில் உட்கார்ந்தாள். அவன் அதே வேகத்தில் மானிட்டரைத் தூக்கப் போனான். திறந்து கிடந்த பின்பக்கமாகவே கையை விட்டான்.

அவள் வாயைத் திறந்திருக்க வேண்டியதே இல்லை. ஒரு கணம் திறக்கவும் இல்லை. அந்த ஒரு கணம் வேண்டுமென்றே சும்மா இருந்தது அவளுக்கு நன்றாகத் தெரியும், பின்னால் யாரிடமும் அதை அவள் மறைத்ததும் இல்லை.

"தொடாதீங்கண்ணா, செத்துருவீங்க."

சொல்லிக்கொண்டே அவன் கையைத் தட்டிவிட்டு, மின்சாரத்தை வடிக்கவென்று கம்பி கட்டி வைத்திருந்த ஸ்க்ரூடிரைவரைக் குழாயின் ரப்பர் மூடிக்கடியில் செருகினாள். டப்பென்று நீலப்பொறி தெறித்தது. அவன் துள்ளிப் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டான். பயந்ததைத் தங்கை பார்த்துவிட்டாள் அல்லவா, அதைப் பொறுக்க முடியவில்லை. உயிரைக் காப்பாற்றியவளைக் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். கதவுக்கு முட்டுக் கொடுக்கும் இரும்புத் தடியை எடுத்துத் திரையில் ஒரே போடு போட்டான். குழாய் வெடித்துக் கண்ணாடி கூடமெங்கும் பறந்தது. ஒரு சில்லு அவள் நெற்றியைக் கிழித்தது. பக்கத்திலிருந்த பெட்டியையும் விடவில்லை. தகரம் நசுங்கி, அவள் வாரக்கணக்கில் கோடு கோடாய்ப் பற்ற வைத்த போர்டு குறுக்கே பிளந்தது. கை வலிக்கிறவரை அடித்துவிட்டுத் தடியைப் போட்டான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பெண் வீட்டாரை அழைத்து வருவேன், திரும்பும்போது இங்கே ஒரு துண்டு கண்ணாடி இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். தலை சீவி, பவுடர் பூசி, சட்டை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினான்.

திருகாணி நெற்றியைக் கழுவிப் பஞ்சை ஒட்டிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள். கை அதுபாட்டுக்குப் பழகிய வேலைக்குப் போனது. அம்மா தோளைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"சீக்கிரம் கூட்டி அள்ளிடும்மா. ஒரு கல்யாணம் ஆயிட்டா அவன் சரியாயிடுவான்."

திருகாணி நிமிர்ந்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு ரிப்பேர் வேலை தெரியுமாம்மா?"

திருகாணி துடைப்பத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அவன் திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் உட்கார்ந்தாள்.

அண்ணன் சிரித்துப் பேசிக்கொண்டே கதவைத் திறந்தான். பெண்ணின் அப்பா, அம்மா, பின்னால் அந்தப் பெண். கண்ணாடி மேல் கால் வைத்துவிடாமல் மூவரும் வாசலிலேயே நின்றார்கள். அண்ணன் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்தது. மேசையிலிருந்து தவறி விழுந்துவிட்டது என்றான். சொல்லிவிட்டுத் தங்கையைப் பார்த்தான். இந்த இடத்தில் ஆமாம் என்பது எப்போதும் அவள் வேலை.

"விழல. அண்ணன் ஒடைச்சது," என்றாள். வீங்கிய கன்னத்தைத் தொட்டாள். "இதுவும் அண்ணன் அடிச்சதுதான். அம்மாவுக்கும் தோள்ல அடி."

பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார். ஆண்பிள்ளை என்றால் கோபம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், இதையெல்லாம் பெரிதுபடுத்தக் கூடாது என்றார். பெண்ணைப் பெற்றவர் பேசுகிற பேச்சா இது? ஆனால் பேசினார். அந்தத் தெம்பில் அண்ணனுக்கு உயிர் திரும்பியது. உள்ளே போய் எல்லோருக்கும் குடிக்கத் தண்ணீர் கொண்டு வா என்று தங்கைக்கு உத்தரவு போட்டான். அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை. வீட்டுக்குள் ஓங்கிப் பழகிய கை, விருந்தாளிகள் நிற்பதை மறந்து ஓங்கியது. விழுந்த அடியில் அவள் நாற்காலியோடு சாய்ந்தாள். நெற்றிப் பஞ்சு நழுவி ரத்தம் மறுபடி இறங்கியது.

அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் கண்ணாடியைத் தாண்டி வந்து அவளைத் தூக்கி நிறுத்தினாள்.

"அப்பா, கெளம்பலாம்," என்றாள். பிறகு இவளிடம், "நீங்களும் வாங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"அவ எங்கயும் வர மாட்டா," என்றான் அண்ணன். "இதெல்லாம் யார் அள்றது?"

அதுவரை பீரோவோரம் உட்கார்ந்திருந்த அம்மா தரையில் கையூன்றி எழுந்தாள். துடைப்பத்தை எடுக்கத்தான் போகிறாள் என்று மகள்கூட நினைத்தாள். அம்மா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, நொறுநொறுவென்று கண்ணாடி மேலேயே நடந்து வந்து, வலிக்காத கையால் மகளின் கையைப் பிடித்தாள். வாசலைக் கடக்கும்போதுதான் மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீயே அள்ளிக்கோப்பா," என்றாள்.