புளியமரத்தில் தொங்கிய ஐம்பது மீட்டர்

ஜவ்வாது மலையில் எனக்கு வயரிங் வேலை. யாரிடமும் படிக்கவில்லை; கழற்றிக் கழற்றி மாட்டித் தெரிந்துகொண்டதுதான்.

ஒருநாள் மகளிர் குழுத் தலைவி ஆள் அனுப்பியிருந்தார். சாமைக்கு உமி நீக்கும் மிஷினை, எல்லோரையும் பேசிக் கரைத்து வாங்கவைத்தவர் அவர். வந்ததிலிருந்து அது உறுமுகிறதே தவிரச் சுற்றவில்லை. திருப்பி அனுப்ப வண்டியே வந்து நின்றுவிட்டது. மிஷின் இறங்கிப் போனால், இனி குழுவில் அவர் பேச்சு எடுபடாது.

"மோட்டாருக்கு மூச்சு வாங்குதுண்ணா," என்றார். நோயை அதைவிடச் சரியாக நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

கரண்ட் மீட்டர் பக்கம் பல்பு பளிச்சென்று எரிந்தது. மிஷின் இருந்த கொட்டகைப் பல்போ, மிஷின் சுவிட்சைப் போட்டதும் அழுது வடிந்தது. வழியில்தான் ஏதோ கோளாறு என்று மீட்டரிலிருந்து கொட்டகைக்குப் போகும் வயரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நடுவில் புளியமரக் கிளையில் பெரிய சுருளாக வயர் தொங்கியது. கரண்டை நிறுத்திவிட்டுத் தொட்டால் சுடுகிறது.

"இன்னாம்மா இது?"

"மிச்சம்ணா. புது வயரை யாராச்சும் அறுப்பாங்களா?"

எங்கள் மலையில் கயிறு வாங்கினாலும் அப்படித்தான். நாளைக்கு உதவும் என்று மிச்சத்தைச் சுற்றிக் கட்டிவைப்போமே தவிர வெட்ட மனசு வராது. தேவை நாற்பது மீட்டர். வாங்கியதோ தொண்ணூறு மீட்டர் இரட்டை வயர், அதுவும் பல்புக்குப் போடுகிற மெல்லிசு. சுருட்டி வைத்தாலும் கரண்ட் அந்த நீளம் முழுக்க ஓடித்தான் வரவேண்டும். நீளம் கூடினால் தடை கூடும், மெலிந்தாலும் கூடும் என்றேன்.

அவர் கிளையில் தொங்கிய சுருளை அண்ணாந்து பார்த்தார். "அப்போ ஒத்தையடிப் பாதையில, மூட்டையோட மலையச் சுத்திக்கினு வர்ற மாதிரி."

அதேதான். நாற்பதில் வெட்டினேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிச்சத்தில் இன்னொரு நாற்பதை வெட்டி, முதல் வயரோடு பக்கத்திலேயே இழுத்து, இரண்டு முனையிலும் நிறம் பார்த்துச் சேர்த்தேன். இரண்டு மெல்லிசு சேர்ந்தால் ஒரு தடிசு. நீளம் பாதிக்கும் கீழே, கனம் இரண்டு மடங்கு. பழைய தடையில் கால்வாசிகூட இல்லை. மீந்த பத்து மீட்டரை அவர் உடனே வாங்கிச் சுருட்டிக்கொண்டார்.

சுவிட்சைப் போட்டேன். மிஷின் ஒரே மூச்சில் சுற்றியது. வண்டிக்காரர் தார்ப்பாயை மடிக்கத் தொடங்கினார்.

மிஷினே வேண்டாம் என்று எல்லோரையும்விட அதிகம் சத்தம் போட்ட அம்மாதான் முதல் கூடையோடு வந்து நின்றார்.

"உரல்லயே குத்திக்கிறேன்னியேக்கா, உலக்கை இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே தலைவி கூடையை வாங்கிக் கொட்டினார். மிஷின் சத்தத்தில் அந்த அம்மா சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை.