புல்லுக்கு அடியில் ஒரு வாசல்

டீச்சரின் நீல வார் ரப்பர் செருப்புதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கட்டி, எப்போதோ இடிந்து மண்மேடாகிப்போன மாதா கோயிலை ஞாயிறுதோறும் நாங்கள் தோண்டிக்கொண்டிருந்தோம். குழியில் இறங்குமுன் டீச்சர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். கூரை இல்லை, சுவர் இல்லை, வெறும் மண். எதற்கு என்று கேட்டால், "கோயிலுக்குள்ள செருப்போடயா போவீங்க?" என்பார். எது உள், எது வெளி என்று அப்போது யாருக்கும் தெரியாது. வாசல் எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பதில்தான் அவருக்கு அத்தனை பைத்தியம்.

என் மனைவியோடு பள்ளியில் வேலை பார்த்தவர் அவர். அலைந்து அனுமதி வாங்கியதும் ஆள் சேர்த்ததும் அவர்தான். கோவில்பத்திலிருந்து நான் பைக்கில் போவேன். திருமலைராயன்பட்டினத்துப் பாய் சல்லடையோடு வருவார். விழிதியூர் விவசாயி ஒருவர் மண்வெட்டியோடு வருவார். எங்களில் கிறிஸ்தவர் டீச்சர் மட்டும்தான். முதல் நாளே விழிதியூர்க்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "கோயில்னா வாசல் கெழக்கதாங்க டீச்சர்." எனக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. டீச்சர் மேற்கே ஒருமுறை பார்த்தார். "எனக்கும் நிச்சயமாத் தெரியல. தோண்டித்தான் பாப்பமே" என்றார். கோடையில் பாதி கிழக்கிலேயே போயிற்று. வந்தது படியல்ல, அரைவட்டமாக வளைந்த செங்கல் சுவர். பலிபீடத்தின் பின்சுவர். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "இத்தன நாளா சாமிக்கு முதுகுப் பக்கமா நொழைஞ்சிருக்கோம்!"

மேற்கே திரும்பினோம். மேட்டூர் தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் எந்தக் குழியிலும் ஊற்றெடுக்கும் என்பதால் அவசரம் வேறு. படி அகப்பட்ட அன்றே குழியின் அடியில் ஈரம் கசிந்தது. நடுவில் மட்டும் தேய்ந்த கருங்கல் படி. டீச்சர் அதில் வெறுங்காலை வைத்து அப்படியே நின்றார். யார் யார் கால் பட்டுத் தேய்ந்ததோ என்று பாய் கேட்டார். வீடு திரும்பும்வரை அதே பேச்சுதான்.

அடுத்த ஞாயிறு படி தண்ணீருக்குள் கிடந்தது. திறந்து வைத்தால் செங்கல் கரைந்துவிடும், மணல் போட்டு மூடி மேலே பூங்கா அமைக்கலாம் என்றார் அனுமதி தந்த அலுவலகத்துப் பொறியாளர். சரியான யோசனைதான். ஆனாலும் டீச்சரின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவ்வளவு தேடிய வாசலை அவர் வாயாலேயே மூடச் சொல்ல வேண்டும். பொறியாளரின் வரைபடத்தில் புல்தரையைச் சுற்றிக் கட்டைச் சுவர், திறப்பு சாலையை ஒட்டிக் கிழக்கே.

"மூடிடுங்க சார். தொறப்ப மட்டும் மேக்க வைங்க, படிக்கு நேர் மேல."

"சுத்திக்கிட்டு யாரு வருவா டீச்சர்?"

"வருவாங்க சார்."

திறப்பு மேற்கே போகும்வரை அவர் அந்த அலுவலகத்தை விடவில்லை.

இப்போது டீச்சர் கணவரோடு பிரான்சில் இருக்கிறார். நேற்று மாலை வீடியோவில் கூப்பிட்டு வாசலைக் காட்டச் சொன்னார். பூங்காவுக்குப் போய் போனைத் திருப்பினேன். மேற்குத் திறப்பில் பிள்ளைகளின் செருப்புகள் குவிந்து கிடந்தன. புல்லில் ஓடுவதற்காகக் கழற்றிப் போட்டவை. அடியில் படி இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

"நீங்க கழட்டிட்டீங்களாண்ணே?" என்றார் டீச்சர்.

நான் குனிந்து ஷூ லேசை அவிழ்த்தேன்.