அக்கா உட்கார்ந்தால் விழும் கோடுகள்

2004ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டே கால் மணி. அக்னி நட்சத்திரம். மலைப்பக்கமிருந்து அனல் இறங்கிக்கொண்டிருந்தது. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸிலிருந்து சற்றுத் தள்ளி இருந்த எங்கள் டைப்பிங் கடையில், கம்ப்யூட்டர் திரையில், இறந்துபோன ஒருவரின் முகம் பச்சைக் கோடுகளாகப் பிரிந்தது.

அது கண்ணீர் அஞ்சலி போஸ்டர். காலையில் இறந்தவரை மாலை ஐந்து மணிக்கு எடுப்பதாக இருந்தது. அதற்குள் போஸ்டர் சுவரேற வேண்டும். அக்கா புகைப்படத்தை வெட்டி, பின்னால் நீலவானம் வைத்து, கீழே பேரன் பேத்திகளின் பெயர்களை அடித்துக்கொண்டிருந்தாள். இறந்தவரின் மகன் அவளுக்குப் பின்னால் நின்று, விட்டுப்போன ஒரு பேரனைச் சேர்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் நெற்றியில் முதல் கோடு விழுந்தது. அடுத்துக் கன்னமெல்லாம் சிவப்புப் புள்ளிகள். அதன் பிறகு வாய் தனியாகத் தோள்பட்டைக்குப் போய்விட்டது.

"ஏம்மா, எங்கப்பா மூஞ்சிய என்னாம்மா பண்ற?"

"நான் ஒன்னும் பண்லண்ணா. ஒரு நிமிஷம் இருங்க..."

திரை கறுத்தது. மறுபடி உயிர் வந்தபோது பேரன்களும் இல்லை, வானமும் இல்லை.

"செத்தும் அந்த மனுஷனுக்கு நிம்மதி இல்ல," என்று சொல்லிவிட்டு, மேஜையிலிருந்த புகைப்படத்தை எடுத்துக்கொண்டு அவர் வேறு கடை தேடிப் போனார். வாசலில் செருப்பை மாட்டும்போது, வெளியே நின்ற உறவுக்காரரிடம், "அந்தப் பொண்ணு கைய வெச்சா படமே கோணிக்குதுப்பா," என்றார். அது உள்ளே எல்லோருக்கும் கேட்டது.

எதையும் எண்ணிவைக்கும் புத்தி எனக்கு ஐந்தாம் வகுப்பு விடுமுறையிலேயே உண்டு. அந்த மாதத்தில் அது ஏழாவது தடவை. ஏழும் அக்கா உட்கார்ந்திருந்தபோது நடந்தவை.

கடைக்குப் பின்னாலேயே வீடு. அம்மா இறந்த பிறகு அப்பாவின் தங்கை, விதவையான அத்தை, எங்களோடு வந்து இருந்தாள். காலையில் அப்பா கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, கலெக்டரைப் பார்க்க வருகிறவர்களுக்கு மனு அடித்துக் கொடுப்பார். பட்டா, முதியோர் பென்ஷன், வழித்தடத் தகராறு. மத்தியானத்துக்கு மேல் அக்காவின் நேரம். கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எல்லாப் போஸ்டரும் அவள் கையால்தான். அவள் பிளஸ் டூ முடித்து ஓராண்டு ஆகியிருந்தது. போஸ்டர் வேலை நிலைத்தால் ஜூன் மாதம் அவளைக் கல்லூரியில் சேர்த்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். காலையில் கல்லூரி, மாலையில் கடை. அந்த விண்ணப்பம் அவளுடைய தலையணை உறைக்குள் இருந்தது.

மெக்கானிக் மூன்று முறை வந்தார். முதல் முறை உள்ளேயிருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். இரண்டாம் முறை நினைவகச் சில்லைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினார். மூன்றாம் முறை மறுபடி அழித்து ஏற்றினார். வருவதெல்லாம் காலையில், அவர் இருக்கும்வரை கம்ப்யூட்டர் குழந்தைபோல நடந்துகொள்ளும். "மிஷின்ல ஒன்னும் இல்லிங்க. யார் ஓட்றாங்களோ அவங்கள பாருங்க," என்று சிரித்துவிட்டு வண்டியை உதைத்துக் கிளம்புவார். அவர் வேடிக்கையாகச் சொன்னதை அத்தை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நீ உக்காந்தா ஓடுது. அவ உக்காந்தா படுத்துக்குது. இதுக்கு மேல என்னாண்ணா வேணும் உனக்கு?"

அத்தைக்கு ஒரு வைத்தியம் தெரிந்திருந்தது. செவ்வாயும் வெள்ளியும் பாய் ஒருவர் தூபக்கால் ஏந்திக் கடை கடையாகச் சாம்பிராணி போட்டுக்கொண்டு போவார். எல்லாக் கடையிலும் கல்லாவுக்குக் காட்டுவார். எங்கள் கடையில் கம்ப்யூட்டருக்கும் காட்ட வேண்டும் என்று அத்தை ஏற்பாடு செய்திருந்தாள். அதுவும் பெட்டியின் முன்னால் இல்லை, பக்கவாட்டில், காற்று உள்ளே போகும் ஓட்டைகளுக்கு நேராக.

"இவ்ளோ கிட்டவா, ம்மா?" என்று பாய் தயங்குவார்.

"நல்லா காட்டுங்க பாய். ஜாஸ்தியா போடுங்க. பாருங்க, அதுவே எப்பிடி இழுத்துக்குதுன்னு!"

உண்மைதான், அது இழுத்துக்கொண்டது. பெட்டி ஒரு பக்கம் புகையை உறிஞ்சி, பின்பக்கம் மெதுவாக வெளியே விடும். கம்ப்யூட்டர் பீடி குடிப்பதுபோல் இருக்கும். அதைப் பார்ப்பதற்காகவே நான் செவ்வாயும் வெள்ளியும் காத்திருப்பேன். ஒவ்வொரு தடவை கோடு விழும்போதும் அத்தை அடுத்த வெள்ளிக்குப் புகையைக் கூட்டினாள். புகை கூடக்கூடக் கோடுகளும் கூடின. திருஷ்டி பலமானது என்றாள்.

இதற்கிடையில் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வேர்க்கடலை மண்டி. மாப்பிள்ளைக்கு முப்பத்திரண்டு வயது.

"ஒன்னுமே கேக்காத எடம்ண்ணா. இன்னொரு தரம் வருமா? இந்தக் கடைல உக்கார வெச்சு, ராசியில்லாதவன்னு பேரு வாங்கிக் குடுத்துடாத. அவங்க காதுக்குப் போறதுக்குள்ள முடிச்சுடு."

நாலு நாள் கழித்து மாப்பிள்ளை வீட்டார் ஞாயிறு இரவு பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது.

அக்கா அழவில்லை. அவள் வேறு ஒரு வேலையில் இறங்கியிருந்தாள். கோடு எப்போது விழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு மத்தியானம் போஸ்டர் செய்யாமல் வெறும் மனுக்களாக அடித்தாள். மூன்று மணி நேரம் ஒரு கோடும் இல்லை. மறுநாள் பெரிய புகைப்படங்களைத் திறந்தாள். அரை மணியில் திரை கறுத்தது. பிறகு அப்பாவிடம், "நீங்க உக்காந்து இந்தப் படத்த தொறந்து பாருங்கப்பா," என்றாள். அப்பா தனக்கு அந்த வேலை தெரியாது என்றார். எனவே என்னை உட்காரவைத்தாள்.

அவள் சொன்ன படங்களை நான் ஒவ்வொன்றாகத் திறந்தேன், பெரிதாக்கினேன், திருப்பினேன். அவள் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். இருபத்தைந்தாம் நிமிடம் யாரோ ஒரு மணப்பெண்ணின் கழுத்தில் பச்சைக் கோடு விழுந்தது.

அக்கா கைதட்டிச் சிரித்தாள். "பாத்தியாடா! உன் கையும் ராசியில்லாத கைதான்!"

நான் ஓவென்று அழுதேன். எனக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன். அவள் என்னை அணைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல், அப்பாவிடம் இழுத்துப்போய் நடந்ததைச் சொன்னாள். அப்பா வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

"ஒரே வயித்துல பொறந்ததுங்கதான? அவனுக்கு மட்டும் வேறயா இருக்கும்?"

அந்த ஞாயிறு, மே 23, பகல் ஒரு மணிக்கு, அத்தை இரவு வருகிறவர்களுக்காகக் கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தபோது, அக்கா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். மெக்கானிக் கழற்றியபோது பார்த்துவைத்திருந்தாள். பக்கத்து மூடி வந்தது. உள்ளே ஒரு பச்சை அட்டை. படங்களுக்காகவே தனியாக வாங்கிப் போட்டது. அதன்மேல் தீப்பெட்டி அகலத்தில் ஒரு விசிறி. அது விசிறி என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இறக்கைகளுக்கு நடுவே பழுப்பாக, பிசின்போல, சாம்பலோடு சேர்ந்து இறுகிக் கிடந்தது. கடை முழுக்கச் சாம்பிராணி மணத்தது.

அவள் மூடியைத் திறந்தபடியே வைத்து, வீட்டிலிருந்த மேஜை விசிறியைக் கொண்டுவந்து அந்த அட்டைக்கு நேராகத் திருப்பினாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். ஏற்கெனவே தொலைந்துபோன அந்த அஞ்சலிப் போஸ்டரை, யாரும் கேட்காமலேயே, முன்பு ஸ்கேன் செய்து வைத்திருந்த படத்தைக்கொண்டு முதலிலிருந்து செய்தாள். நீலவானம், பெயர்கள், விட்டுப்போன அந்தப் பேரன். நாலரை மணிக்கு முடித்தாள். ஒரு கோடு விழவில்லை. வியர்வையில் அவளுடைய ஜாக்கெட் முதுகோடு ஒட்டியிருந்தது. அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அவளிடம் பார்த்ததில்லை.

அப்பாவைக் கூப்பிட்டாள்.

"இங்க பாருங்கப்பா. இது சுத்தல. மனு அடிச்சா இதுக்கு வேல கம்மி, சூடாவாது. படம் போட்டா சூடாவுது, நின்னுடுது. அவ்ளோதான். மூணு மணி நேரமா ஓடுதுப்பா. என் கையில ஒன்னும் இல்ல."

அப்பா குனிந்து பார்த்தார். சுண்டுவிரலால் அந்தச் சின்ன விசிறியைத் தள்ளினார். அது அசையவில்லை. விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். திரையைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார். சமையலறையிலிருந்து அத்தை, "ஏலக்கா எங்கடி வெச்ச?" என்று கேட்டாள்.

"ஏழு மணிக்கு அவங்க வந்துடுவாங்க," என்றார் அப்பா. "போய் மூஞ்சி கழுவிக்கோம்மா."

"அப்பா..."

"போம்மா."

அவள் போன பிறகு, மேஜை விசிறியை நிறுத்திவிட்டு மூடியை எடுத்து வைத்து முடுக்கினார். பாவம், அப்பாவுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் புரியவில்லையே என்று எனக்கு அவர்மேல் இரக்கமாகக்கூட இருந்தது. சாவகாசமாக இன்னொரு முறை நானே எடுத்துச் சொல்லலாம் என்று அவர் பக்கத்தில் போய் நின்றேன். கடைசித் திருகாணியை முடுக்கி முடித்தவர், என்னைப் பார்க்காமல், "நீயும் போய் சட்டய மாத்து," என்றார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா தீபாவளிக்கு வந்தபோது கடைப்பக்கம் வரவில்லை. பிறகு வந்தபோதும் வரவில்லை.

கல்யாணம் முடிந்த மறுவாரம் அப்பா டவுனுக்குப் போய் ஒரு சின்னப் பொட்டலத்தோடு திரும்பினார். மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. தாமே தரையில் உட்கார்ந்து மூடியைக் கழற்றி, நேராக அந்த அட்டையைப் பிடித்து, பழைய விசிறியை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினார். எது எங்கே என்று அவர் தேடவில்லை. ஒரு பெரிய புகைப்படத்தைத் திறந்துவைத்து, நாற்காலியில் சாய்ந்து, ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொன்றைத் திறந்தார். அந்த வேலை அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

அத்தை காபி கொண்டுவந்தாள். "பாத்தியாண்ணா? அவ போனா, அதுவும் சரியாயிடுச்சு."

"ஆமா," என்றார் அப்பா.

இனி நான் லீவு நாள் மத்தியானங்களில் கம்ப்யூட்டரில் விளையாடலாம். பொட்டலத்தைச் சுற்றியிருந்த பில்லை எடுத்துப் பார்த்தேன்: அறுபத்தைந்து ரூபாய். இத்தனை மாதத் தொல்லை இவ்வளவு குறைந்த செலவில் முடிந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன்.