பச்சை விளக்கை நம்பாத புஷ்பா அக்கா

பகல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோதுதான் செய்தி வந்தது. வேலை நேரம் முழுக்க லாக்கரில் கிடந்த போனை எடுத்துத் திறந்தால், எங்கள் லைன் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டிருந்தார்கள்: "புஷ்பா அக்கா இன்று காலமானார்." பஸ்ஸில் பாதிப் பேர் அழுதார்கள். நான் அழவில்லை. இதைப் போட்டது யார், யாரிடம் கேட்டுப் போட்டார் என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அன்று லீவு. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் எங்களைச் சோதித்துப் பார்க்கிறார் என்றே தோன்றியது. எப்போது நம்பினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரகடம் கம்பெனியில் அவரோடு லைனில் நின்றவர்களுக்கு அவருடைய வழக்கம் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் கார் இருக்கைக்கான பாகங்கள் செய்கிறோம். லைனின் கடைசியில் இருக்கும் மெஷின் ஒவ்வொரு பீஸையும் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை விளக்குப் போடும்; தப்பாக இருந்தால் மணியடித்து நிறுத்தும். அங்கே அக்காதான் இன்ஸ்பெக்டர். ஷிப்ட் தொடங்கும் முன், சிவப்பு பெயின்ட் அடித்த தப்பான பீஸ் ஒன்றை வேண்டுமென்றே உள்ளே விடுவார். மணி அடித்தால்தான் லைன் ஓடும். "நல்லத நல்லதுன்னு எவன் வேணாலும் சொல்லுவான். கெட்டது வந்தா கத்துதா, அதான் மேட்டரு" என்பார்.

ஒருநாள் காலை அந்தச் சிவப்பு பீஸுக்கும் பச்சை விளக்கு எரிந்துவிட்டது. சூப்பர்வைசருக்கு டார்கெட் கவலை. "நேத்து நல்லாத்தானேம்மா ஓடிச்சு, ஓட்டிகினே பாத்துக்கலாம்" என்றார். "நேத்து ஓடுனது நேத்தோட போச்சு சார்" என்று சொல்லிவிட்டு, மெயின்டனன்ஸ் ஆள் வந்து சரிசெய்யும்வரை சிவப்பு பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எங்களுக்கு உட்கார நேரம் கிடைத்த சந்தோஷம். சூப்பர்வைசரைத் தவிர யாருக்கும் அன்று கோபமில்லை.

மனிதர்களிடமும் இதே வேலைதான். ஒருமுறை என்னிடம், "நாளைக்கு பஸ் வராது, நீயே வந்துடு" என்றார். நான் படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் இடிபட்டுக் கம்பெனி வாசலில் போய் இறங்கினால், பஸ் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. சண்டைக்குப் போனேன். "டிரைவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டியா? யாரு சொன்னாலும் நம்பிடுவியாடி செல்வி?" என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவராகவே தக்காளி சாதம் கொண்டுவந்தார். அதையும் கொஞ்சம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

என் மகள் யாழினி பிளஸ் ஒன் படிக்கிறாள். மோட்டார், சென்சார், ஒயர் என்று வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. கருப்புக் கோட்டைப் பார்த்துத் தானே ஓடும் வண்டி ஒன்று செய்தாள். பள்ளியில் கைதட்டினார்கள். இரண்டு தெரு தள்ளியிருந்த அக்கா பார்க்க வந்து, வண்டியைத் தூக்கிக் கோடே இல்லாத தரையில் வைத்தார். அது நேரே தண்ணீர் டிரம்முக்கு அடியில் போய்ச் சிக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. "கோடு இல்லாத எடத்துல நிக்கத் தெரியலியே இதுக்கு" என்றார். யாழினி அவரை முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் இருக்கிறது.

ஆனால் உண்மையான சண்டை கேஸ் பெட்டியில்தான். என் கணவர் லாரியில் வெளியூர் போகிறவர். மதியம் போய் நள்ளிரவில் திரும்பும் பி ஷிப்ட் எனக்கு வந்தால், சாயங்காலம் யாழினி தனியாகத்தான் சமைக்க வேண்டும். அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதற்காகவே சிலிண்டர் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்தாள். கேஸ் கசிந்தால் அலறும். சின்ன மோட்டார் ரெகுலேட்டரைத் திருப்பி அடைக்கும். என் போனுக்கு மெசேஜ் வரும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று காட்ட ஒரு பச்சை விளக்கு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா முதலில் கேட்டது, "உங்கம்மா போன் லாக்கர்ல கீது. மெசேஜ் யாருக்குப் போவுது?" மறுநாளே கீழ்வீட்டில் ஒரு மணி வைத்தாள் யாழினி.

அக்கா அதோடு விடவில்லை. ஒரு சிகரெட் லைட்டர் வாங்கினார். கம்பெனி கேட்டில் லைட்டரை விடமாட்டார்கள் என்பதால் எங்கள் பிரிட்ஜ் மேலேயே வைத்துவிட்டார். வரும்போதெல்லாம் நெருப்பு வராமல் அமுக்கி, கேஸை மட்டும் பெட்டி முன்னால் விடுவார். அது அலறும். "இன்னிக்கு ஓகே" என்பார். ஒருநாள்கூட 'நன்றாகச் செய்திருக்கிறாய்' என்று அவர் வாயிலிருந்து வந்ததில்லை. "ஆன்ட்டி என்னை நம்பவே மாட்டாங்களாம்மா?" என்று யாழினி கேட்டாள். எனக்கும் எரிச்சல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லைட்டரை அமுக்கினார். சத்தமே இல்லை. மறுபடியும் அமுக்கினார். பச்சை விளக்கு மட்டும் அழகாக எரிந்துகொண்டிருந்தது. தரை துடைத்த தண்ணீர் பெட்டிக்குள் போய் சென்சார் கெட்டிருந்தது. மறுநாள் எனக்கு பி ஷிப்ட். யாழினி அழுதாள். அக்கா ஆறுதல் சொல்லவில்லை. "வெளக்கு கரண்ட் கீதுன்னுதான் சொல்லுது. வேலை செய்யுதுன்னு அது எப்ப சொல்லிச்சு? அழுது முடிச்சிட்டு கழட்டு" என்றார். அவள் புது சென்சார் போட்டுப் பெட்டியை உயரத் தூக்கி வைத்து, அது அலறும்வரை அவர் வீட்டுக்குப் போகவில்லை. அன்று முதல் யாழினி அவரை முறைப்பதை நிறுத்தினாள்.

அக்கா வீட்டு வாசலில் கட்டியிருந்த இரங்கல் பேனரில், "எல்லோரையும் நம்பிய அன்புள்ளம்" என்று அச்சிட்டிருந்தார்கள். யாரைப் பற்றி எழுதினார்களோ தெரியவில்லை. படித்திருந்தால் ரிஜெக்ட் செய்திருப்பார். என்னிடம் அவருடையதாக இருப்பது அந்த லைட்டர் மட்டுமே. இப்போது என் பி ஷிப்ட் வாரங்களில் யாழினியே அதை எடுத்து அமுக்குகிறாள். அலறல் கேட்ட பிறகுதான் நான் செருப்பு மாட்டுகிறேன்.

வெளிநாட்டிலிருந்து மகன் வரவேண்டும் என்று அவரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அதிலும் ஒரு பச்சை விளக்கு. யாழினி கண்ணாடியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஜில்லுனே இல்லியே" என்றாள். "லைட் எரியுதுல்ல பாப்பா, ஆவும்" என்றார் பெட்டியைக் கொண்டுவந்தவர். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கை வைத்தாள், மறுபடியும் கேட்டாள். "சாவு வூட்டுல இன்னாமா ஆராய்ச்சி?" என்று ஒரு பெரியவர் அதட்டினார். அவள் நகரவில்லை. கடைசியில் அந்த ஆள் பின்பக்கம் கழற்றிப் பார்த்தார். கம்ப்ரசர் ஓடவே இல்லை.

வேறு பெட்டி வந்தது. மாற்றுவதற்காக மூடியைத் திறந்தார்கள். நான் குனிந்து, அவர் காதோரம் தப்பான பீஸ் ஒன்றைப் போட்டேன்.

"அக்கா, நாளைக்கு எனக்கு பி ஷிப்ட். பச்சை லைட் எரியுது. டெஸ்ட் பண்ணாமலே கெளம்பிடுறேன்."

கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் நம்பினேன்.