லுசுங்கு கேட்காத பாஸ்வேர்ட்

எங்கள் முசுசு ஊரின் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையை நானும் லுசுங்கு ம்சிஸ்காவும் பங்குபோட்டுக்கொண்டு பதினொரு வருடமாகிறது. வாசல் பக்கம் என் ஜெராக்ஸ் மெஷின், உள்பக்கம் அவனுடைய கம்ப்யூட்டர் ரிப்பேர். நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. அதனால் அவன் மனைவிக்குத் தெரியாத சங்கதிகூட எனக்குத் தெரியும்.

நல்லவன். அதுதான் அவனோடு எனக்குத் தீராத சண்டை. நாலு கேள்வி கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கு என்றால் கேட்க மாட்டான். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் பழைய லேப்டாப்புகளுக்கு லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. பள்ளிக்கூடங்கள், பாதிரியார்கள், நெல் ஆலைக் கணக்கர்கள் என்று ஊரில் பாதிப் பேர் அவன் கைபட்ட மெஷினைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் அவனைத் தேடி வர ஒரு காரணம் உண்டு. யாரிடமும் அவன் பாஸ்வேர்ட் கேட்பதில்லை. எங்கள் ஊரில் அது நாகரிகமில்லாத கேள்வி.

"அடுத்தவங்க வீட்டு அடுப்புல என்ன கொதிக்குதுன்னு எட்டிப் பாக்குறதும் இதுவும் ஒண்ணுதான்க்கா" என்பான்.

மெஷின் விழித்தெழும்போதே கொல்லைப்புறமாக உள்ளே நுழைந்து, பழைய பாஸ்வேர்டைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்துக் கொடுத்துவிடுவான். பாதிரியாருக்கும் மானம் தப்பும், கணக்கருக்கும் தப்பும்.

அதில் ஒரே ஒரு தொல்லை. மற்ற பாஸ்வேர்டுகளையெல்லாம் அந்த மெஷின் ஒரு சாவிக்கொத்தில் போட்டு, அதற்கும் ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்கும். அந்தப் பூட்டு திறப்பது பழைய பாஸ்வேர்டுக்கு மட்டும்தான். கொல்லைப்புறமாக வந்தவனை அது மதிக்காது. எதைத் தொட்டாலும் 'சாவிக்கொத்தைத் திற' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். லுசுங்கு அதற்கும் மருந்து வைத்திருந்தான். கொத்தையே அழித்துவிடுவான். மெஷின் தானே புதுக் கொத்து ஒன்றைச் செய்துகொள்ளும்.

"அதுல அப்படி என்னக்கா பெருசா இருக்கப்போவுது? வைஃபை பாஸ்வேர்ட். இன்னொரு தடவ அடிச்சாப் போச்சு."

பதினொரு வருடத்தில் ஒருவர்கூடத் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. நானே பலரிடம் அவன் கைராசியைப் புகழ்ந்திருக்கிறேன்.

மார்ச் மாதத் தூறலில் ஒரு செவ்வாய்க்கிழமை எனெலெஸ் டீச்சர் தன் லேப்டாப்போடு வந்தார். ஆரம்பப் பள்ளி ஆசிரியை, என் இளைய மகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய ஒரே மகன் வனங்வா, போன ஆண்டு ஜோகன்னஸ்பர்க்கில் கட்டட வேலையில் சாரம் சரிந்து இறந்துபோனான். அந்த லேப்டாப் அவன் அனுப்பியது. பாஸ்வேர்டும் அவனே வைத்தது, நீளமாக, இடையில் எண்கள் கலந்து.

"விரல் வலி தம்பி. மூணு தடவ அடிச்சாத்தான் ஒரு தடவ சரியா விழுது. சின்னதா மாத்திக் குடு" என்றார்.

"நாலே நம்பர் டீச்சர். நீங்க போய் உசிப்பா மீன் வாங்கிட்டு வாங்க, முடிச்சு வச்சுடறேன்."

"சீக்கிரம் முடிடா, டீச்சருக்குப் பஸ் இருக்கு" என்று நானும் என் பங்குக்கு விரட்டினேன். அந்த வார்த்தைக்காக நான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

அவர் மீனோடு திரும்பியபோது வேலை முடிந்திருந்தது. நாலு எண்ணைத் தட்டினார், திறந்தது. சிரித்தார். அப்புறம் அரட்டைச் செயலியைத் தொட்டார். அதில் வனங்வா அனுப்பிய குரல் பதிவுகள் நாற்பத்தொன்று இருந்தன. டீச்சரின் போன் சந்தையில் திருடுபோனபின் வேறெங்கும் அவை இல்லை. விடைத்தாள் திருத்தும்போது அவற்றை ஓடவிட்டுக்கொண்டே திருத்துவார் என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். ஒன்றில் அவன் ஜோகன்னஸ்பர்க் குளிரைத் திட்டிக்கொண்டே தும்முவான்.

திரையில், தகவலைத் திறக்க முடியவில்லை என்று வந்தது. கீழே இரண்டு பொத்தான்கள்: மூடு, எல்லாவற்றையும் அழி.

லுசுங்குவின் முகம் சாம்பலாகிவிட்டது. அந்தச் செயலி தன் பதிவுகளையெல்லாம் பூட்டி, சாவியைச் சாவிக்கொத்தில்தான் மாட்டி வைத்திருக்கிறது. அது அவனுக்குத் தெரியாது. கொத்தை வழக்கம்போல அழித்துவிட்டிருந்தான்.

"ரெண்டு நாள் குடுங்க டீச்சர்" என்றான்.

ஒன்பது நாள் ஆனது. வேறு வேலையைத் தொடவில்லை, வீட்டிலிருந்து வந்த ந்சிமாக் களி தட்டிலேயே காய்ந்து கிடந்தது. அழித்த சாவிக்கொத்துக் கோப்பை வட்டுக்குள் தோண்டித் தேடினான். அது இருந்த இடத்தில் வெறும் பூஜ்யங்கள். இணையத்தில் தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதினான். ஒரே ஒருவர் பதில் போட்டார்: "இதில் பழுது எதுவும் இல்லை. சாவி இல்லாதவர் திறக்கக் கூடாது என்பதற்குத்தான் பூட்டு."

"முதல்லயே ஒரு வார்த்த கேட்டிருந்தா என்னடா?" என்று கத்திவிட்டேன்.

"பழைய பாஸ்வேர்டக் கேட்டு, முன்வாசல் வழியா மாத்தியிருந்தா கொத்தும் கூடவே மாறியிருக்கும்க்கா. ரெண்டு நிமிஷ வேல." அவன் தலை நிமிரவில்லை.

பத்தாம் நாள் டீச்சர் வந்தார்.

"அழிஞ்சு போச்சா தம்பி?"

"அழியல டீச்சர். நாப்பத்தொண்ணும் உள்ளதான் இருக்கு. ஆனா இனி யாராலயும் தொறக்க முடியாது."

"பழைய பாஸ்வேர்ட் எனக்குத் தெரியுமேப்பா. நீ கேக்கவேயில்லையே."

"கேக்கல டீச்சர்."

"இப்பச் சொல்றேன், எழுதிக்க."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். பிரயோசனம் இல்லையென்று தெரிந்தும் லுசுங்கு கடைசி எண்வரை எழுதிக்கொண்டான். வெள்ளம் தலைக்கு மேல் போனபின் சாண் என்ன, முழம் என்ன.

"இத வச்சு ஆகாதா?"

"ஆகாது டீச்சர். இதால தொறக்கற கொத்த நான் அழிச்சிட்டேன்."

டீச்சர் திரையிலிருந்த அந்த இரண்டு பொத்தான்களைப் பார்த்தார்.

"ஜோகன்னஸ்பர்க்ல இருந்து சவப்பெட்டி வந்தப்பவும் இதையேதான் சொன்னாங்க" என்றார். "பையன் உள்ளதான் இருக்கான், சீல் வச்சிருக்கு, உடைச்சுப் பாக்கக் கூடாதுன்னு. குரலாவது இருக்கேன்னு இருந்தேன்."

லுசுங்கு எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். டீச்சர் லேப்டாப்பை மூடி, பாவாடைக்கு மேல் கட்டியிருந்த இடுப்புத் துணியை அவிழ்த்து அதில் சுற்றிக்கொண்டார். பஸ் வரும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு என் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.