ஆயில் லைட் மினுங்கிய கார்

பிள்ளைகளா, ஒரு மனிதரின் பிழைப்பு என் கையால் கெட்டுப்போனது. உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. நீங்கள் பிறப்பதற்கு முன்னால், எழுபத்தெட்டோ ஒன்பதோ, தென்காசியில் கார்களுக்கு வயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலகரத்து டாக்ஸிக்காரர் ஒருவர். சொந்தக் கார், ஒன்றே ஒன்று. குற்றால சீசனில் அது ஓடினால்தான் வருஷம் முழுக்க வீட்டில் சோறு. ஆடி மாதத்தில் ஒரு காலை வந்தார்.

"அண்ணாச்சி, ஐந்தருவிப் பக்கம் வளைவுல திரும்பும்போதெல்லாம் ஆயில் லைட்டு மினுங்குது. நேர் ரோட்டுக்கு வந்தா அணைஞ்சிருது. வண்டியில இருக்கவங்க பயப்படுதாங்க."

"உம்மப் பாத்துக் கண்ணடிக்குது வே, வேற என்ன?" என்றேன். சிரித்தார்.

எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு அது. எஞ்சின் பக்கவாட்டில் ஒரு சுவிட்ச், அதிலிருந்து விளக்குக்கு ஒற்றை வயர். ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டால் எரியவே இல்லை. விட்டுவிட்டு வருகிற கோளாறு இப்படித்தான், நம் முன்னால் மட்டும் நல்ல பிள்ளையாக இருக்கும். வயரை ஆட்டிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் விளக்கு பளிச்சென்றது. மேலுறை தேய்ந்து, உள்ளே இருந்த கம்பி எஞ்சின் இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. டேப் சுற்றினேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரே சந்தோஷம்.

மூன்றாம் நாள் திரும்பவும் வந்தார். "இன்னும் மினுங்குதே அண்ணாச்சி."

வாசலில் இரண்டு வண்டிகள் காத்திருந்தன. "நான் பாத்த அந்த வயருதான் வே. சாரல்ல ஈரம் ஏறியிருக்கும். சும்மா ஓட்டும்."

"எண்ணெய் கிண்ணெய்…"

"அது மெக்கானிக் பாடு. என்கிட்ட எதுக்குக் கேக்கீரு?"

அவர் மெக்கானிக்கிடம் போகவில்லை. என் வார்த்தையை நம்பி ஓட்டினார். மறுநாள் கடையம் போகிற வழியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. எண்ணெய் குறைந்திருக்கிறது. வளைவில் மிச்ச எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கும்போதெல்லாம் விளக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. ஒரு கோளாறு கையில் கிடைத்ததும், இன்னொன்றும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கயிறு கட்டி இழுத்துவந்து என் ஷெட்டில் நிறுத்தினார்கள். திட்டுவார் என்று காத்து நின்றேன்.

"இன்னைக்குக் காலையிலகூட எரிஞ்சுது அண்ணாச்சி. நீங்க சொன்னீங்கன்னு ஓட்டிட்டேன்" என்றார். எஞ்சினை மாற்ற அவருக்கு வழியில்லை. சீசன் முடியும் முன்பே செங்கோட்டையில் மரம் தூக்கும் வேலைக்குப் போய்விட்டார்.

காரை இழுத்துவந்த அன்று, அவர் நடந்து போனபின் பானெட்டைத் திறந்தேன். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினேன், அரை நிமிஷ வேலை. நுனியில் கறுப்பாக ஒரு பிசுக்கு மட்டும் இருந்தது. துணியால் துடைத்து, உள்ளே செருகி, முறைப்படி இன்னொரு தடவை உருவிப் பார்த்தேன்.